சிசேரியனுக்குப் பிறகு வலியையும் பதற்றத்தையும் தணிக்க இசை: முழுமையான வழிகாட்டி

முதுகில் போட்ட மரப்பு ஊசியின் வேகம் இறங்கிய பிறகு, கட்டிலை விட்டு முதல்முறை எழுந்து நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தைச் சிசேரியன் ஆன பெண்கள் எளிதில் மறப்பதில்லை. அடிவயிற்றில் தையலை யாரோ பிடித்து இழுப்பது போலச் சுரீர் என்கும். உடம்பு தானாகக் குனியும். மூச்சு பாதியில் நின்றுவிடும். எனக்கு அப்போது துணை நின்றவை மூன்று: தோளைப் பிடித்திருந்த செவிலியரின் கை, வயிற்றோடு அணைத்துக்கொண்ட தலையணை, செல்போனில் மெல்ல ஓடிக்கொண்டிருந்த புல்லாங்குழல். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அன்று மாலை மறுபடி எழுந்தபோது செல்போனில் சார்ஜ் இல்லை. அதே கை, அதே தலையணைதான். இருந்தும் அந்த நான்கு அடி தூரம் நீண்டுகொண்டே போனது.

அன்றிலிருந்து நான் கர்ப்பிணிகளிடம் விடாமல் சொல்லும் ஒன்று உண்டு. வலி வந்த பிறகு பாட்டைத் தேடாதீர்கள். வலி வரப்போகிறது என்று தெரியும்போதே பாட்டை ஓடவிட்டுவிடுங்கள். சிசேரியனுக்குப் பிந்தைய வலியில் பெரும்பகுதி சொல்லிவைத்து வரும் வலி. எழுந்தால் வரும், இருமினால் வரும், பால் கொடுத்தால் வரும். வரும் நேரம் தெரிந்த விருந்தாளிக்கு முன்னதாகவே வாசலைத் திறந்து வைக்கலாம் அல்லவா? கீழே உள்ளவை எல்லாம் அந்த முன்னேற்பாட்டைப் பற்றியவைதான்.

இசை எதைச் செய்யும், எதைச் செய்யாது

முதலில் இதைத் தீர்த்துவிடுவோம். இசை வலி மாத்திரைக்கு மாற்று அல்ல. கீறப்பட்ட தோலும் தசையும் கருப்பையும் ஆற வேண்டும். அதுவரை மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை வேளை தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். "பாட்டுக் கேட்டுச் சமாளித்துக்கொள்கிறேன், மாத்திரை வேண்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை. வலியை அடக்கிக்கொண்டு படுத்தே கிடப்பவருக்குக் கால்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும், நன்றாக இருமிச் சளியை வெளியேற்ற முடியாது, குழந்தையைத் தூக்கவும் தயக்கம் வரும்.

பிறகு இசை எங்கே உதவுகிறது? 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு அறிவியலாளர்கள் வலியைப் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். காயத்திலிருந்து புறப்படும் செய்தி நேராக மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு அதைக் கூடுதலாகவோ குறைவாகவோ உள்ளே விடுகிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அந்தக் கதவைத் திறக்கவும் மூடவும் செய்யும் என்றார்கள். கோட்பாட்டின் சில நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன. ஆனாலும் பயம், கவனம், மனநிலை ஆகியவை வலியின் அளவை மாற்றும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. பயந்தால் தசை இறுகும். இறுகினால் தையல் இழுக்கும். இழுத்தால் மேலும் பயம் வரும். இந்தச் சுற்றை எங்கேயாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். இசை அறுக்கும் இடம் பயம்.

இது புதிய யோசனையும் இல்லை. 1914-இலேயே எவன் கேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், அறுவை அறையில் ஃபோனோகிராஃப் என்ற பழைய இசைப்பெட்டியை வைத்து நோயாளிகளின் அச்சத்தைத் தணித்ததை மருத்துவ இதழில் எழுதினார். அதற்கும் முன்பே, நவீன செவிலியத்துக்கு அடித்தளமிட்ட ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், இடைவிடாமல் ஒலிக்கும் குழல், நரம்பு வாத்தியங்களும் மனிதக் குரலும் நோயாளிக்கு நல்லது, விட்டுவிட்டு ஒலிக்கும் பியானோ நல்லதல்ல என்று எழுதிவைத்தார். பியானோ விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை என்றாலும், 'நீண்டு ஒலிக்கும் ஓசை' என்று அவர் கவனித்தது கூர்மையான கவனிப்பு.

2015-இல் தி லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, பலவகை அறுவை சிகிச்சைகளைப் பற்றிய 73 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஏறக்குறைய 7,000 நோயாளிகள். இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. அறுவைக்கு முன்பு, நடுவில், பின்பு என்று எப்போது கேட்டாலும் பலன் இருந்தது. மருத்துவமனையில் தங்கிய நாட்கள் மட்டும் குறையவில்லை. ஒன்றை மறக்கக் கூடாது: மாத்திரையை ஆய்வு செய்யும்போது, மருந்து இல்லாத போலி மாத்திரையை யாருக்கும் தெரியாமல் கொடுக்கலாம். விழித்திருப்பவருக்கு இசை கேட்பது தெரியாமலா போகும்? ஆகவே, 'நமக்கு ஏதோ உதவி கிடைக்கிறது' என்ற நம்பிக்கையும் அந்தப் பலனில் கலந்தே இருக்கும். கலந்திருந்தால் என்ன? நம்மைப் பொறுத்தவரை குறைந்தது வலிதான்.

உங்கள் வலி எந்த வலி?

சிசேரியனுக்குப் பிறகு 'வலி' என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே நாலைந்து வலிகள் உண்டு. இசை எல்லாவற்றோடும் ஒரே மாதிரி ஒத்துப்போகாது.

தையல் வலி அசையும்போது கூர்மையாகவும், அசையாதபோது மந்தமாகவும் இருக்கும். முதல் இரண்டு நாட்களில்தான் இதன் ஆட்டம் அதிகம். அசைவின்போது வரும் கூர்மைக்கு மாத்திரையும் தலையணையும் முக்கியம். அசையப்போகிறோம் என்ற அச்சத்துக்கு இசை.

கருப்பை சுருங்கும் வலி, குழந்தை பால் குடிக்கும்போது அடிவயிற்றை முறுக்கிக்கொண்டு வரும். பால் இறங்க உதவும் அதே ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன்தான் கருப்பையையும் சுருங்க வைக்கிறது. இரண்டாம், மூன்றாம் பிரசவங்களில் இது கூடுதலாகத் தெரியும். அலை போல வந்து போகும் வலி என்பதால், இசையோடு மூச்சை இணைத்து இதைக் கடப்பது எளிது. என் அனுபவத்தில் இசை நன்றாகக் கைகொடுத்தது இங்கேதான்.

வாயு வலி வேறு ரகம். வயிறு உப்பி, சில நேரம் தோள்பட்டை வரை குத்தும். இதற்கு நடைதான் மருந்து; இசையின் வேலை நடக்க வைப்பது மட்டும்.

இவற்றோடு, ஸ்கேலில் அளக்க முடியாத ஒன்று உண்டு: இரவு இரண்டு மணிக்கு, குழந்தை மூச்சு விடுகிறதா என்று பத்தாவது முறையாக எட்டிப் பார்க்கும் பதற்றம்.

படி 1: பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே பட்டியலைத் தயார் செய்யுங்கள்

திட்டமிட்ட சிசேரியன் என்றாலும் சரி, சுகப்பிரசவத்தை எதிர்பார்த்திருந்தாலும் சரி, இந்த வேலையை 34, 35-வது வாரத்திலேயே முடித்துவிடுங்கள். அறுவை அறைக்கு அவசரமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது பாட்டுத் தேட நேரமிருக்காது.

எது அமைதியான இசை? நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரை உள்ள தாளம், ஓய்விலிருக்கும் இதயத் துடிப்புக்கு அருகில் இருக்கிறது. அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். பாட்டை ஓடவிட்டு, விரலால் தொடையில் தாளம் போடுங்கள். 15 விநாடியில் 15 முதல் 20 தட்டு வந்தால் சரியான வேகம். 30 தட்டு வந்தால் அது வீடு பெருக்குவதற்கான பாட்டு. இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

தாளத்தைவிட முக்கியமானது, திடீர் எழுச்சிகள் இல்லாமலிருப்பது. மென்மையாகத் தொடங்கி இரண்டாம் நிமிடத்தில் மேளம் முழங்கும் பாட்டு, தூக்கத்தின் விளிம்பில் இருப்பவரை உலுக்கி எழுப்பும். உலுக்கினால் தையல் கேட்காது. அதனால் ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறையாவது கேட்டுவிட்டே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொற்கள் இருக்கலாமா? பதற்றம் அதிகமாக இருப்பவர்களுக்குப் பழகிய பாட்டின் வரிகள் ஒரு கைப்பிடி போல உதவும். மனம் அடுத்த வரியை எதிர்பார்த்து நகரும். தூங்க வேண்டிய நேரத்தில் அதே வரிகள் விழிக்க வைக்கும். ஆகவே இரண்டும் வேண்டும், வெவ்வேறு பட்டியலில். 'வலி நிவாரண இசை' என்று பெயர் சூட்டி இணையத்தில் கிடக்கும் மணிக்கணக்கான ஒலிப்பதிவுகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் கேளுங்கள். ஏதோ ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் தையலை ஆற்றும் என்று நம்பிக் கேட்காதீர்கள்.

நான் வைத்திருந்த மூன்று பட்டியல்கள் இவை. முதலாவது, படுத்திருக்க: வாத்திய இசை மட்டும், சுமார் 40 நிமிடம். இரண்டாவது, எழுந்து நடக்க: நன்கு பழகிய நான்கைந்து பாட்டுகள், மற்றவற்றைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பானவை, ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடம். மூன்றாவது, பால் கொடுக்க: ஒரே ஒரு இசைத் துண்டு, திரும்பத் திரும்ப. ஏன் ஒன்றே ஒன்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. இழந்த ஒருவரை, முறிந்த ஓர் உறவை நினைவூட்டும் பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் இப்போது வேண்டாம். பச்சை உடம்பில் கண்ணீர் விளிம்பிலேயே நிற்கும். அழுவது தவறில்லை, ஆனால் விம்மி அழுதால் வயிறு குலுங்கும், அது வலிக்கும்.

பாட்டுகளைச் செல்போனிலேயே பதிவிறக்கி வையுங்கள். நான் இதைச் செய்யாமல் இணையத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் இரவு, கண் செருகும் நேரத்தில், ஏதோ ஒரு பொருளை வாங்கச் சொல்லி ஒரு விளம்பரக் குரல் காதுக்குள் கத்தியது. துள்ளி எழுந்ததில் அடிவயிறு விண்விண் என்று அரை மணி நேரம் தெறித்தது. நான்கு மணி நேரமாக வராத தூக்கம் அதோடு போயிற்று.

படி 2: கருவிகள்

இங்கே பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஒரு செல்போன், கட்டில்வரை எட்டும் நீளமான சார்ஜர் வயர், மென்மையான இயர்ஃபோன் அல்லது கைக்கடக்கமான ஸ்பீக்கர். மருத்துவமனைப் பையில் இவற்றைத் தனிச் சிறு பையில் போட்டு மேலே வையுங்கள். குனிந்து தேடும் நிலையில் இருக்கமாட்டீர்கள்.

தனி அறை என்றால் ஸ்பீக்கர் நல்லது. பலர் இருக்கும் வார்டு என்றால் இயர்ஃபோன், அதுவும் ஒரு காதில் மட்டும். மறு காது குழந்தைக்கும் செவிலியருக்கும் திறந்திருக்க வேண்டும். வெளி ஓசையை முழுவதும் அடைக்கும் வகை ஹெட்ஃபோன், குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்ளும்போது மட்டும். வயருள்ள இயர்ஃபோனோடு தூங்காதீர்கள். அந்த வயர் குழந்தையின் பக்கம் போகவே கூடாது.

ஒலி எவ்வளவு? பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் ஒலியைக் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. நமக்கு அவ்வளவு தேவையே இல்லை. இசை ஓடும்போது, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் சாதாரணக் குரலில் பேசுவது தெளிவாகக் கேட்டால் போதும். கேட்கவில்லை என்றால் குறையுங்கள்.

படி 3: மருத்துவக் குழுவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்

மரப்பு ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் நீங்கள் விழித்திருப்பீர்கள். கருவிகளின் ஓசை, ஆட்கள் பேசும் பேச்சு எல்லாம் கேட்கும். இசை கேட்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே மயக்க மருந்து மருத்துவரிடம் கேளுங்கள். அவர் உங்களோடு பேசிக்கொண்டே இருப்பார். குமட்டுகிறதா, மூச்சு சரியாக இருக்கிறதா என்று கேட்பார். அதனால் அங்கேயும் ஒரு காது திறந்தே இருக்க வேண்டும். மறுத்தால் வருந்த வேண்டாம். நம் வேலை முக்கியமாகத் தொடங்குவதே அறுவைக்குப் பிறகுதான்.

அவசரச் சிசேரியன் ஆனவர்கள் இதைக் கவனியுங்கள். அறுவை அறையில் பயத்தின் உச்சத்தில் கேட்ட இசை, பிறகு அதே பயத்தைத் திரும்ப அழைத்து வரலாம். அப்படி நேர்ந்தால் அந்தப் பாட்டை யோசிக்காமல் நீக்கிவிட்டு, அந்த நாளோடு தொடர்பே இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: முதல் நாள்

அறுவை முடிந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடுக்கம், அரிப்பு, குமட்டல் வரலாம். மரப்பு ஊசியோடு கொடுக்கும் மருந்துகளாலும் இவை வருவதுண்டு. அரிப்பையோ குமட்டலையோ இசை மாற்றாது, செவிலியரிடம் சொல்லுங்கள். குழந்தை மார்பின் மேல் இருக்கும் நேரமாக இருந்தால் இசையே வேண்டாம். அந்த மூச்சின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருங்கள்.

மரப்பு முழுவதும் இறங்க இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிடிக்கலாம். கால் விரல்கள் அசையத் தொடங்கும்போதே முதல் பட்டியலை ஓடவிடுங்கள். கண்களை மூடி, நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். தாளத்தோடு எண்ணினால் எண்ணுவதே மறந்துபோகும். தாடை இறுகியிருக்கிறதா, தோள் தூக்கியிருக்கிறதா என்று இடையிடையே பாருங்கள். இருபது நிமிடம் போதும். நாள் முழுக்க ஓடும் இசை, ஓடும் மின்விசிறியைப் போலக் காதிலிருந்து மறைந்துவிடும்.

இனி எழுந்து நிற்பது. சிறுநீர்க் குழாயை எடுக்கும் நேரத்தையொட்டி, அறுவை முடிந்த சில மணி நேரத்திலிருந்து மறுநாள் காலைக்குள், செவிலியர் உங்களை எழுப்புவார். எப்போது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாய்வழி உட்கொள்ளும் வலி மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே முதலில் மாத்திரை, பிறகு இசை, பிறகு அசைவு. நான் பின்பற்றிய வரிசை இது.

எழுவதற்குப் பத்து நிமிடம் முன்பே படுத்தவாறு முதல் பட்டியல். பிறகு இரண்டாம் பட்டியலுக்கு மாறி, அதன் முதல் பாட்டில் முழங்கால்களை மடக்கி, பக்கவாட்டில் ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்து, கால்களைக் கீழே தொங்கவிட வேண்டும். நேராக நிமிர்ந்து எழ முயலவே கூடாது. இரண்டாம் பாட்டு முடியும்வரை கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். படுத்திருந்த உடம்பு திடீரென்று நின்றால் தலை சுற்றும். 'கொஞ்ச நேரம் உட்காருங்கள்' என்றால் எவ்வளவு நேரம் என்று தெரியாது. 'இந்தப் பாட்டு முடியும்வரை' என்றால் தெரியும். மூன்றாம் பாட்டில் தலையணையை வயிற்றோடு அணைத்து, பிடித்துக்கொள்ள ஆளிருக்கும்போது நில்லுங்கள். நின்றதும் தரையைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பாருங்கள். நான்காம் பாட்டில் நடை.

கால் எடுத்து வைக்கும்போது தாளத்தோடு ஓட்டப் பந்தயம் வேண்டாம். இரண்டு தட்டுக்கு ஓர் அடி, முடியாவிட்டால் நான்கு தட்டுக்கு ஓர் அடி. இருமலோ தும்மலோ வந்தால் நின்று, தலையணையை அழுத்திப் பிடித்து, முடித்துவிட்டு நடங்கள். பாட்டு நமக்காகக் காத்திருக்கும்.

படி 5: பால் கொடுக்கும் நேரம்

ஒரே இசைத் துண்டு என்று சொன்னேன் அல்லவா, அதன் காரணம் பழக்கம். பதற்றம் கூடினால் பால் இறங்குவது தடைபடும். உடம்பு தளர்ந்தால் இறங்கும். ஒவ்வொரு முறையும் அதே இசையோடு அமர்ந்தால், சில நாட்களில் அதன் முதல் சுரங்களைக் கேட்டதுமே தோள் தானாக இறங்கும். எனக்கு ஐந்தாம் நாள் இது நடந்தது. குழந்தை இன்னும் வாய் வைக்கவில்லை, இசை தொடங்கியதும் மார்பில் அந்தக் குறுகுறுப்பு. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன்.

கருப்பை சுருங்கும் வலி பால் கொடுக்கும் முதல் சில நிமிடங்களில் உச்சத்தில் இருக்கும். அதனால் இசையைக் குழந்தை வாய் வைப்பதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே தொடங்குங்கள். வலி ஏறும்போது மூச்சை நீளமாக வெளியே விட்டு, குழந்தையின் தலைமுடியையோ விரலையோ பார்த்துக்கொண்டிருங்கள்.

குழந்தையின் காதில் எதையும் பொருத்தாதீர்கள். ஸ்பீக்கரைத் தொட்டிலுக்குள் வைக்காதீர்கள். அறையின் மறுகோடியில், தாழ்ந்த ஒலியில் போதும். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைத்தது. அது தாழ்ந்த குரல் பேச்சின் அளவு. குழந்தை அந்தப் பிரிவில் இருந்து, நீங்கள் பாலைப் பீய்ச்சி அனுப்புபவராக இருந்தால் இந்தப் படி உங்களுக்கு இன்னும் முக்கியம். குழந்தையின் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டே அதே இசையைக் கேளுங்கள்.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. வலி மருந்தின் மயக்கம், தூக்கமின்மை, இதமான இசை மூன்றும் சேர்ந்தால் கண் தானாக மூடும். குழந்தை கையில் இருக்கும்போது அது கூடாது. பக்கத்தில் விழித்திருக்கும் ஓர் ஆள் இருக்கட்டும். யாருமில்லை, தூக்கம் அழுத்துகிறது என்றால் இசையை நிறுத்திவிட்டு வெளிச்சம் போடுங்கள்.

படி 6: இரவு

பகலில் வந்து போவோர் இருப்பார்கள். இரவில்தான் மனம் தனியாக மாட்டிக்கொள்ளும். செல்போன் திரையைக் கவிழ்த்து வைத்து, 30 நிமிடத்தில் இசை தானாக நிற்கும்படி டைமர் வையுங்கள். திரை வெளிச்சத்தில் பாட்டுத் தேட ஆரம்பித்தால், பிறகு எதையெதையோ படிக்க ஆரம்பிப்பீர்கள். இரவு இரண்டு மணிக்கு நோய் அறிகுறிகளைத் தேடிப் படித்த எவரும் நிம்மதியாகத் தூங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்த வேளை மாத்திரை நடு இரவில் வருகிறது என்றால் அதற்கும் அலாரம் வையுங்கள். தூங்குகிறோமே என்று விட்டுவிட்டால், விடியும்போது வலி முன்னால் போய்விடும். அதன்பின் துரத்திப் பிடிப்பது கடினம்.

படி 7: ஒரு சிறு கணக்கு

வலியை 0 முதல் 10 வரை எண்ணால் சொல்லும் முறையைச் செவிலியர்கள் பயன்படுத்துவார்கள். அதையே நீங்களும் இசைக்கு முன்னும் பின்னும் குறித்து வையுங்கள். என் குறிப்பேட்டில் ஒரு வரி இப்படி இருந்தது: "இரவு 2.10. வலி 6, பயம் 8. பிறகு வலி 5, பயம் 3." வலி ஓர் எண்தான் இறங்கியது. பயம் ஐந்து. அந்த வரிதான் இசையிடம் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது.

மூன்று முறை கேட்டும் எந்த மாற்றமும் இல்லை என்றால் இசையை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். சிலருக்கு அமைதியே இசை. மருந்து எடுத்த பிறகும் வலி 7-க்கு மேலேயே நிற்கிறது என்றால் பாட்டை மாற்றிக்கொண்டிருக்காமல் மணியை அழுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

பாட்டை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டியவை

38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்; தையல் சிவந்து, சூடாகி, சீழ் அல்லது துர்நாற்றம் வருவது; ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனையும் இரத்தப்போக்கு; ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது; மூச்சுத் திணறல், நெஞ்சுவலி; பார்வை மங்குவதோடு வரும் கடும் தலைவலி; உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி; சிறுநீர் போக முடியாமை; நாளுக்கு நாள் குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வயிற்று வலி. இவற்றில் எதுவுமே 'பதற்றம்' அல்ல. யாராவது அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

மனத்துக்கும் இதே விதி. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் இரு வாரங்களில் காரணமில்லாத அழுகையும் எரிச்சலும் வந்து போகும். இரு வாரம் தாண்டியும் நீடித்தால், குழந்தையின் மேல் ஒட்டுதலே வரவில்லை என்றால், குழந்தை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, எடின்பரோ அளவுகோல் என்று 1987-இலிருந்து புழக்கத்தில் உள்ள பத்துக் கேள்விகள் இருக்கின்றன. சில நிமிடங்களில் முடிந்துவிடும். உங்களையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லுங்கள்.

உடன் இருப்பவர்களுக்கு

அவள் கேட்காமல் பாட்டுப் போடாதீர்கள். உங்களுக்குப் பிடித்த இசை அவளுக்கு அமைதி தரும் என்பது உங்கள் எண்ணம் மட்டுமே. இயர்ஃபோன் காதில் இருக்கும் இருபது நிமிடம் வந்தவர்களை வெளியே உட்கார வையுங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள், செல்போனை சார்ஜில் போடுங்கள். "நிறுத்தட்டுமா, தொடரட்டுமா?" என்று கேட்டால் போதும்.

வீட்டுக்குப் போன பிறகு

முதல் இரு வாரங்களுக்கு மூன்று பட்டியல்களும் தேவைப்படலாம். படுக்கையிலிருந்து எழும்போது தலையணையைத் தேடாமல் எழுந்துவிடுகிறீர்கள் என்றால் இரண்டாம் பட்டியல் ஓய்வு பெற்றுவிட்டது என்று பொருள். என்னுடையது பதினேழாம் நாள் ஓய்வு பெற்றது. பால் கொடுக்கும் இசை மட்டும் மாதக்கணக்கில் ஓடியது. எட்டாவது மாதத்தில் ஒரு நாள் வேறெதற்கோ அதை ஓடவிட்டேன். தரையில் விளையாடிக்கொண்டிருந்த என் மகள் பொம்மையைப் போட்டுவிட்டு, என் மடியை நோக்கித் தவழ்ந்து வந்தாள்.